குதிரை ஏன் மிரளுகிறது? – கால்நடை மருத்துவரின் கேள்வி–பதில்

ஆடி மாதச் சந்தை முடிந்த கையோடு, புதிதாகக் குதிரை வாங்கியவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை குதிரையின் பார்வையையும், அதனால் நேரும் விபத்துகளையும் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவார் இனக் குதிரை ஒன்றை வாங்கினேன். தோட்டத்துக்குப் போகும் வழியில், வாய்க்கால் பாலத்தின் ஓரம் கிடக்கும் வெள்ளை உரச்சாக்கைக் கண்டு மிரளுகிறது. போகும்போது ஒருவாறு பழகிவிட்டது. ஆனால் திரும்பி வரும்போது அதே சாக்கை அன்றுதான் பார்ப்பதுபோலத் துள்ளுகிறது. குதிரையின் கண்ணுக்கு எல்லாமே பல மடங்கு பெரிதாகத் தெரியும், அதனால்தான் அது மனிதனுக்கு அடங்கி நடக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா ஐயா? (அந்தியூர் வட்டாரத்து வாசகர்)

பெரியவர்கள் சொல்வது நெடுநாளாக வழங்கிவரும் பேச்சு, ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. குதிரையின் கண் பெரியது என்பது மட்டும் உண்மை. நிலத்தில் வாழும் பாலூட்டிகளின் கண்களில் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. யானையின் கண்ணைவிடவும் பெரியது. கண் பெரிதாக இருப்பதால் உள்ளே வரும் வெளிச்சம் கூடுமே தவிர, பார்க்கும் பொருள் பெரிதாகிவிடாது. குதிரை தன் முன்னே நிற்கும் ஆளை ஆளளவாகவே பார்க்கிறது.

மிரட்சிக்குக் காரணம், கண்கள் அமைந்திருக்கும் இடம். நமக்கு இரண்டு கண்களும் முகத்தின் முன்பக்கத்தில் இருக்கின்றன. குதிரைக்குத் தலையின் இருபுறமும் இருக்கின்றன. கண்ணின் பாவையும் நம்முடையதைப்போல வட்டமாக இல்லாமல் கிடைமட்டமாக நீண்டிருக்கும். இதனால் தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் அது பார்த்துவிடுகிறது. மேய்ச்சல் வெளியில் எந்தத் திசையிலிருந்து புலியோ ஓநாயோ வந்தாலும் தெரிந்துகொண்டு ஓடுவதற்காக அமைந்த கண் அது. ஆனால் இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு, முன்னால் 65 முதல் 80 பாகைக்குள் அடங்கிவிடுகிறது. தூரத்தையும் பள்ளம் மேட்டையும் சரியாகக் கணிப்பதற்கு அந்தப் பரப்புதான் மிகவும் உதவும். மற்றப் பக்கங்களில் ஏதோ அசைகிறது என்பது உடனே தெரிந்துவிடும். அது என்ன என்பது அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கூர்மையிலும் குதிரை நமக்குச் சற்றுக் கீழேதான். நல்ல பார்வையுள்ள மனிதர் 9 மீட்டரிலிருந்து பிரித்தறியும் நுணுக்கத்தைக் காண அது ஏறத்தாழ 6 மீட்டருக்கு நெருங்கி வரவேண்டும். அதன் விழித்திரையில் தெளிவாகப் பார்க்கும் பகுதி, குறுக்காக ஓடும் ஒடுக்கமான பட்டையாக அமைந்திருக்கிறது. பார்க்க விரும்பும் பொருளின் பிம்பம் அந்தப் பட்டையில் விழவேண்டுமானால் தலையை உயர்த்தவோ தாழ்த்தவோ சாய்க்கவோ வேண்டும். சாக்கைக் கண்டதும் உங்கள் குதிரை கழுத்தை உயர்த்தி, மூக்கை முன்னே நீட்டி, காதுகளை அதன் பக்கம் திருப்பி நிற்குமே, அப்போது அது முரண்டு பிடிக்கவில்லை, பார்க்க முயல்கிறது. அந்த நொடியில் கடிவாள வாரை இறுக்கி, தாடை மார்பில் படும்படி இழுத்துவிட்டால், முன்னால் இருப்பதைப் பார்க்கும் வழியையே நாம் அடைத்துவிடுகிறோம். நடனக் குதிரைக்குக் கழுத்தை வளைத்து நிறுத்துவது அழகு என்று கருதி, அதையே சாலையிலும் செய்கிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

திரும்பி வரும்போது மீண்டும் மிரளுவது ஏன்? ஒரு கண் கண்டது மறு கண்ணுக்குத் தெரியாது, குதிரையின் மூளை இரு கூறாகப் பிரிந்து வேலை செய்கிறது என்று சில பயிற்சியாளர்கள் விளக்குவதுண்டு. அது சரியன்று. ஒரு கண்ணை மறைத்துக் கற்பித்ததை மறு கண்ணால் பார்த்தும் குதிரை சரியாகச் செய்வதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உண்மையான காரணம் எளியது: எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது சாக்கின் வடிவம் வேறு, நிழல் வேறு, பின்னணி வேறு. காலையில் வரப்பைப் பின்னணியாகக் கொண்டு கிடந்த வெள்ளைப் பொருள், மாலையில் மினுங்கும் வாய்க்கால் நீரின் முன்னே கிடக்கிறது. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். குதிரைக்கு இருட்டுகூட வேண்டாம்.

செய்யவேண்டியது இதுதான். இறங்கி, குதிரையின் தோளருகே நின்று, தலைக்கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, அது தானாகவே நெருங்கி முகர்ந்து பார்க்கும்வரை காத்திருங்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்தும் அதேபோல அழைத்து வாருங்கள். காலையிலும் மாலையிலுமாகச் சில நாள்கள் செய்தால் அடங்கிவிடும். அந்த இடத்தில் சாட்டையால் அடித்தால், சாக்கு இருந்தால் அடி விழும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். சாக்கை எடுத்து அப்புறப்படுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாக எடுத்துவிடுங்கள், நாளைக்கு அங்கே வேறொன்று கிடக்கும்.

கேள்வி: தொழுவத்தைச் சுற்றி மரக்கழி வேலி போட்டிருக்கிறோம். குதிரை ஓடிவந்து மோதாமலிருக்கச் சிவப்புச் சாயம் பூசலாம் என்றிருக்கிறேன். சரியா? (பொள்ளாச்சி)

சிவப்பு உங்கள் கண்ணைத்தான் நிறுத்தும். நிறத்தைப் பிரித்தறியும் கூம்பு உயிரணுக்கள் நமக்கு மூன்று வகை; குதிரைக்கு இரண்டு வகை மட்டுமே. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். பச்சைப் புல்லின் முன்னே நிற்கும் சிவப்புக் கழி, மங்கலான புல்லோடு சேர்ந்த மற்றொரு மங்கலாகவே அதற்குத் தோன்றும். பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயத் தடைகளின் விளிம்புகளில் நெடுங்காலமாக ஆரஞ்சு நிறமே பூசிவந்தார்கள். அது சவாரி செய்பவரின் கண்ணுக்கு எடுப்பாக இருந்ததே தவிர, குதிரையின் கண்ணுக்கு எடுப்பாக இல்லை என்பதை எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வு எடுத்துக்காட்டியது. அதன்பின் 2022 முதல் வெள்ளைக்கு மாறினார்கள்.

நீங்களும் வெள்ளையே அடியுங்கள், சுண்ணாம்பு போதும். கம்பிவேலியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், மெல்லிய கம்பி ஓடும் குதிரைக்குத் தெரிவதேயில்லை. மேல்கம்பியில் இரண்டடிக்கு ஒன்றாக வெள்ளைத் துணி நாடாவைக் கட்டிவிடுங்கள். முள்கம்பி கூடவே கூடாது.

கேள்வி: ஊட்டியில் இரவு நேரத்தில் சாலையில் திரியும் குதிரைகளால் அச்சமாக இருக்கிறது. குதிரைக்கு இருட்டில் கண் தெரியும் என்கிறார்களே, பிறகு ஏன் வண்டிக்கு நேரே வந்து விழுகிறது? ஓட்டுநர் என்ன செய்யவேண்டும்? (உதகமண்டலம்)

இருட்டில் அதற்குக் கண் தெரிவதால்தான் இந்தச் சிக்கலே எழுகிறது. மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் குச்சி உயிரணுக்கள் குதிரைக்கு மிகுதி. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பியடிக்கும் படலமும் உண்டு. இரவில் விளக்கொளி பட்டதும் கண் பளிச்சிடுவது அதனால்தான். ஆனால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கும் மாறும்போது நம்மைவிட மெதுவாகத்தான் அந்தக் கண் பழகும். முழுவதும் இருட்டுக்குப் பழக அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கொண்டை ஊசி வளைவில் திடீரென முகப்பு விளக்கின் முழு ஒளி விழுந்தால், அந்தக் கணத்தில் குதிரை குருடாகிவிடுகிறது. எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடுகிறது.

ஆகவே விளக்கைத் தாழ்த்துங்கள், ஒலிப்பானை அழுத்தாதீர்கள், வேகத்தை நடை அளவுக்குக் குறையுங்கள், தேவைப்பட்டால் நிறுத்திவிடுங்கள். ஒரு குதிரை சாலையைக் கடந்துவிட்டால் அடுத்ததும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது கூட்டத்தோடு போகும் பிராணி. மாடு மோதுவதற்கும் குதிரை மோதுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. குதிரையின் கால்கள் நீளமானவை. சிறிய கார் கால்களைத் தட்டிவிட்டால், பல நூறு கிலோ எடையுள்ள உடல் முகப்பைத் தாண்டி முன்கண்ணாடியின் மீதே வந்து விழும். முன் இருக்கையில் இருப்பவர்களின் தலையும் கழுத்தும்தான் அடிபடும்.

இதில் உரிமையாளர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பகலெல்லாம் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த குதிரையை இரவில் தானாக மேய்ந்துகொள்ளட்டும் என்று சாலையில் விட்டுவிடுவது சிக்கனமல்ல. கொட்டகை இல்லாதவர்கள், குறைந்தபட்சம் ஒளி பிரதிபலிக்கும் பட்டையைக் கால்களிலும் கழுத்திலும் கட்டட்டும். காலில் கட்டினால் நடக்கும்போது அசையும். அசைவது ஓட்டுநரின் கண்ணுக்கு முதலில் படும்.

கேள்வி: என் அண்ணன் மகன் (வயது 11) குதிரைக்குப் பின்னால் போய் வாலைத் தொட்டபோது வயிற்றில் உதை வாங்கிவிட்டான். சிறிது நேரம் அழுதுவிட்டு விளையாடப் போய்விட்டான். அன்றிரவு வாந்தி எடுத்ததும்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டான். இப்படிப்பட்ட நேரத்தில் உடனே செய்யவேண்டியவற்றைச் சொல்லுங்கள். (வேதாரண்யம் அருகிலிருந்து)

பையன் நலமாக இருப்பது மகிழ்ச்சி. முதலில், உதை ஏன் விழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நேர் பின்புறம் குதிரைக்குத் தெரியாத பகுதி. ஓசையின்றி அங்கே போய்த் தொடுகிறவர் யார் என்று அதற்குத் தெரியாது; காட்டில் பின்னாலிருந்து தொட்டது எதுவோ அதற்குக் கொடுக்கும் பதிலையே கொடுக்கிறது. குதிரையிடம் போகும்போது பேசிக்கொண்டே, தோள் பக்கமாகச் சற்றுச் சாய்வாகப் போகவேண்டும். பின்னால் கடக்கவேண்டியிருந்தால் இரண்டே வழிகள்தாம். ஒன்று, 12 அடிக்கு மேல் விலகிச் சுற்றிப் போவது. மற்றொன்று, பழகிய குதிரையாக இருந்தால், பிட்டத்தில் கையை வைத்தபடி உடலை ஒட்டியே கடந்துபோவது. ஒட்டி நிற்பவர்மீது காலை முழுவீச்சில் வீச இடமிராது. மூன்று நான்கு அடி தள்ளி நிற்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, உதையின் முழு வலுவும் வந்து சேருவது அங்கேதான். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பு என்று எண்ணி நிற்பதும் அங்கேயேதான்.

மூக்குக்கு நேர் கீழேயும் நெற்றிக்கு நேர் முன்னேயும் அதேபோல அதற்குத் தெரியாது. நெற்றியைத் தடவிக்கொடுக்கக் குழந்தைகள் கையை நேராக நீட்டும்போது குதிரை தலையைச் சட்டென்று உயர்த்துவது இதனால்தான். முதலில் கழுத்தைத் தடவச் சொல்லிப் பழக்குங்கள். உதட்டைச் சுற்றியிருக்கும் நீண்ட மீசை முடிகளை அழகுக்காகக் கத்தரிக்கிறார்கள். கண் காணாத அந்த இடத்துக்கு அந்த முடிகள்தாம் விரல்கள். கத்தரிக்காதீர்கள்.

இனி முதலுதவி. அடிபட்டவரை நோக்கி ஓடுவதற்கு முன், வேறொருவர் குதிரையைப் பிடித்து அப்பால் கொண்டுபோகவேண்டும். இல்லையேல் உதவப் போனவரும் அடிபடுவார். பிறகு 108ஐ அழையுங்கள்.

வயிற்றிலோ விலாவிலோ உதை விழுந்திருந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். குளம்பின் பரப்பு சிறியது, அதன் பின்னே இருக்கும் வலு பெரியது. கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து உள்ளே இரத்தம் கசியக்கூடும். முதல் சில மணி நேரம் பிள்ளை நடமாடிக்கொண்டிருப்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, நாடி வேகமாக அடித்தல், வயிறு இறுகுதல், இடத்தோளில் காரணமில்லாத வலி, வாந்தி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கலாகாது. மருத்துவர் பார்க்கும்வரை தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், வயிற்றில் இருப்பது மயக்க மருந்து கொடுக்கும்போது இடையூறாகும்.

தலையில் அடி விழுந்திருந்தாலோ குதிரையிலிருந்து விழுந்திருந்தாலோ, கழுத்தை அசைக்காமல் கிடந்தபடியே கிடக்க விடுங்கள். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி இருசக்கர வண்டியின் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. முதுகெலும்பில் முறிவிருந்தால், அந்தப் பயணத்தில் கால்களின் உணர்வே போய்விடலாம். ஒரு நொடி நினைவு தப்பித் திரும்பியிருந்தாலும், பிறகு தூங்கித் தூங்கி விழுந்தாலும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் தலையைச் சோதித்தே தீரவேண்டும். முகத்தில் உதைபட்டு நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள்; விரைவாகப் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு.

கிழிந்த காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவேண்டும். சாணம், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். இரணஜன்னி (டெட்டனஸ்) நோய்க் கிருமி குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் தங்கியிருப்பது. ஆகவே தடுப்பூசி கட்டாயம். குதிரைக்கும் அந்த நோய் எளிதில் வரும் என்பதால், ஆணி குத்திய குதிரைக்கும் ஊசி போடவேண்டும்.

சாலையில் நேர்ந்த விபத்தென்றால், தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், அதில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணம் புரட்டுவதற்காக யாரும் காத்திருக்கவேண்டியதில்லை.

கேள்வி: சந்தைக்குக் கொண்டுபோக மினி லாரியில் ஏற்றும்போதெல்லாம் போராட்டம்தான். சென்ற முறை என் தம்பி கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்ததால் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. (காங்கேயம்)

வெயிலில் நிற்கும் குதிரைக்கு, தார்ப்பாய் மூடிய வண்டியின் உட்புறம் ஒரு கரும்பொந்து. கண் பழகுவதற்கு நேரம் கொடுக்காமல் இழுத்தால் பின்வாங்கத்தான் செய்யும். தார்ப்பாயைத் திறந்துவிடுங்கள், வெயில் வண்டியின் உள்ளே விழும்படி திருப்பி நிறுத்துங்கள், ஏற்றுப்பலகையின் மீது ஈரச்சாக்கைப் பரப்பி அதன்மேல் வைக்கோலைத் தூவுங்கள். பலகை அசையாமலும் சறுக்காமலும் இருக்கவேண்டும். பழகிய குதிரை ஒன்றை முதலில் ஏற்றினால் பாதி வேலை முடிந்தது. இழுப்பவர் நேர் எதிரே நிற்காமல் ஒருபுறமாக நிற்கவேண்டும்; தாவி ஏறும் குதிரை எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றக்கூடாது. மிச்சக் கயிற்றை வளையமாகக்கூடப் பிடிக்கக்கூடாது. முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்பின் நடுவில் பிடியுங்கள். குதிரை பாய்ந்தால் மடிப்பு நழுவிப் போகும். வளையமாக இருந்தால் இறுகி விரலை அறுத்துவிடும். குதிரையைக் கட்டும்போதும் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். விழுந்து கழுத்து இறுகும்போது அறுப்பதற்கு அரிவாளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: கருவேல முள் குத்தியதுபோலக் கண்ணை மூடியே வைத்திருக்கிறது, நீர் வடிகிறது. வீட்டில் இருந்த கண் களிம்பைப் போடலாமா? (இராமநாதபுரம்)

போடாதீர்கள். இந்த வரியைப் படிக்கும்போது இன்னும் கண் மூடியிருந்தால், இதழை வைத்துவிட்டு, கால்நடை அவசர உதவி எண்ணான 1962ஐ அழையுங்கள்.

குதிரை கண்ணை மூடுவது வலிக்கு அடையாளம். கண் வலியை அவசரமாகவே கருதவேண்டும். கருவிழியில் சிறு கீறல் விழுந்தாலும், கிருமி புகுந்தால் ஓரிரு நாள்களிலேயே கரைந்து ஓட்டை விழக்கூடும். வீட்டில் இருக்கும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பு குறைவதுபோலத் தோன்றும். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டே போகும். மருத்துவர் பச்சையாக ஒளிரும் சாயத்தை விட்டுப் பார்த்து, புண் இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்த மருந்தைத் தொடவேண்டும். வேப்பிலைச் சாறு, தாய்ப்பால், உப்பை மென்று துப்புவது ஆகிய எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மருத்துவர் வரும்வரை நிழலான இடத்தில் கட்டி, தேய்த்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். குத்தி நிற்கும் முள்ளை நீங்களே பிடுங்கவேண்டாம்.

முள் எதுவும் இல்லாமலேயே கண் சிவந்து, வெளிச்சத்துக்குக் கூசி, சில வாரங்களில் தணிந்து, மறுபடியும் வந்தால், அது கண்ணின் நடு அடுக்கில் வரும் அழற்சியாக இருக்கலாம். நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு வந்துபோவதாக முற்காலத்து ஐரோப்பியர்கள் நம்பிய நோய் இது. நிலவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் பரவும் லெப்டோஸ்பைரா கிருமிக்கு இதில் பங்குண்டு. உலகெங்கும் குதிரைகள் பார்வை இழப்பதற்கு முதன்மையான காரணம் இந்த நோய்தான்.

சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் செலவிடுகிறார்கள். கண்ணைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. நிழலுக்குள் அழைத்துப்போய்க் கைவிளக்கின் ஒளியை ஒவ்வொரு கண்ணிலும் காட்டுங்கள், பாவை சுருங்கவேண்டும். பாவையின் மேல்விளிம்பில் கறுப்பாகத் தொங்கும் சிறு கட்டிகள் இயல்பானவை, வெயிலுக்கு மறைப்பாக அமைந்தவை. அவற்றைக் கண்டு பயப்படவேண்டாம். பாவையின் வடிவம் குலைந்து ஒட்டிப்போயிருந்தாலோ உள்ளே வெண்மை தெரிந்தாலோ விலை பேசாதீர்கள்.

கேள்வி: வண்டிக் குதிரைக்குக் கண்பட்டை கட்டுவது கொடுமையா? (மதுரை)

அளவாகப் பொருந்தி, கண்ணிமையில் உராயாமல் இருந்தால் கொடுமையன்று. பின்னால் சுழலும் சக்கரத்தையும் பக்கத்தில் உரசிச் செல்லும் வாகனத்தையும் மறைப்பதற்காகவே அதைக் கட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடவேண்டும். ஆனால் வண்டியில் பூட்டியிருக்கும்போது ஒருபோதும் கழற்றாதீர்கள். பின்னால் ஏதோ துரத்தி வருவதாக எண்ணி வண்டியோடு தறிகெட்டு ஓடிய குதிரைகள் பல.

கேள்வி: என் குதிரைக்கு வலக்கண் பார்வை போய்விட்டது. விற்றுவிடச் சொல்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா? (தேனி)

வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கண் குதிரைகள் தலையைச் சற்றுத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டு, சில மாதங்களில் நன்றாகவே பழகிவிடும். குருட்டுப் பக்கமாக அணுகும்போது பேசிக்கொண்டே போகவேண்டும். லாயத்தில் அந்தப் பக்கம் கூரிய முனைகள் இருக்கக்கூடாது. தீனித்தொட்டியின் இடத்தை மாற்றக்கூடாது. சாலையில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நம் நாட்டில் இடப்புறமாகச் செல்வதால் வாகனங்கள் கடந்துபோவது குதிரையின் வலப்பக்கத்தில்தான். உங்கள் குதிரைக்கோ பார்வை இல்லாததும் அதே பக்கம். இடக்கண் போயிருந்தால்கூட இவ்வளவு யோசிக்கவேண்டியதில்லை. எனவே நெடுஞ்சாலையிலும் ரேக்ளா ஓட்டத்திலும் இதை விடாதீர்கள். தோட்டத்துப் பாதையில், பழகிய வழியில், பகலில் மட்டும் ஓட்டுங்கள். உங்கள் தோட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு இருந்தால், குதிரையை அவிழ்த்துவிடும் முன் அதற்கு வேலி போட்டுவிடுங்கள்.